குதிரைமேல் ஒருவர், மண்மேல் நால்வர்

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்றின்மேல் ஏறிச் செல்வோர் அங்கே பழைய பீரங்கிகளைக் காண்கின்றனர். 1784-இல் டச்சுக்காரர் இக்குன்றைக் கைப்பற்றிய வரலாற்றை அவை நினைவூட்டுகின்றன. 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கம் கடலை நோக்கி நிற்கிறது. அரச மரபினரின் கல்லறைகளும் அங்கே உள்ளன. போரும் ஆட்சியும் கடல் வாணிகமும் அக்குன்றின்மேல் தத்தம் அடையாளங்களை வைத்துச் சென்றுள்ளன.

குன்றை விட்டிறங்கிப் புக்கிட் ரோத்தான் வழியாகவும், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி இப்போது பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றுள்ள ஊர் வழியாகவும் உள்நாட்டுப் பக்கம் சென்றால், மூன்று நான்கு தலைமுறைத் தமிழர் காடழித்து, ரப்பர் நட்டு, பால் வெட்டி வாழ்ந்த தோட்டங்களின் நிலம் விரிகிறது. வடக்கே களும்பாங், கெர்லிங் வரையிலும் கிழக்கே ரவாங் வரையிலும் இதே வரலாறுதான். அந்நிலத்தை உருவாக்கியவர்கள் குன்றின்மேல் இருக்கும் அடையாளங்களில் இல்லை. உழைப்பவனை உலோகத்தில் வார்த்து ஊர் நடுவே நிறுத்தும் வழக்கம் எந்நாட்டிலும் மிகப் பிந்தியே தோன்றியது என்பதால், இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

தமிழர் நன்கறிந்த மற்றொரு கடற்கரையில் அவ்வழக்கம் 1959-இல் தொடங்கியது. சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அந்த ஆண்டில்தான் நிறுவப்பெற்றது. அது எதைச் சாதித்தது, எதைச் சொல்லாமல் விட்டது என்று ஆராய்வது, சிலாங்கூர்த் தோட்டங்களின் வழிவந்த தமிழர்க்குத் தம் முன்னோரை எவ்வாறு நினைப்பது என்னும் கேள்வியையும் தெளிவுபடுத்தும்.

குதிரையும் ஆட்சியும்

உழைப்பாளர் சிலையின் அருமையை உணர, அதே நகரில் அதற்கு நூற்றிருபது ஆண்டுகள் முந்திய ஒரு வெண்கல உருவத்தை முதலில் நோக்க வேண்டும். சென்னைத் தீவுத்திடலின் அருகே உயர்ந்த பீடத்தின்மேல் சர் தாமஸ் மன்றோ குதிரையில் அமர்ந்திருக்கிறார். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த இவர், ரயத்துவாரி முறையை நிலைநாட்டியவர் என வரலாற்று மாணவர் அறிவர். சிலையை வடித்தவர் இலண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. கப்பலில் வந்த அவ்வுருவம் 1839-இல் நிறுவப்பெற்றது.

மன்றோவின் குதிரைக்குச் சேணமும் இல்லை. கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி அவற்றை மறந்துவிட்டார் என்றும், பிழையை அறிந்தபின் வருந்தி உயிர்விட்டார் என்றும் மக்கள் கதை சொல்வர். கதை சுவையானதே, உண்மையன்று. இலண்டன் டிராபல்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையையும் சான்ட்ரியே வடித்தார். அங்கும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. ஒரே சிற்பி இரு முறை அதே பொருள்களை மறந்தார் என்பது பொருந்தாது. உரோமாபுரியில் மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரின் வெண்கலக் குதிரைச் சிலையிலும் அங்கவடி கிடையாது. உரோமர் காலத்தில் அது வழக்கிலேயே இல்லை. அப்பழைய மரபின் மிடுக்கை நாடியே சான்ட்ரி இவ்வாறு செய்தார் எனக் கொள்வது தகும்.

அந்த மிடுக்கின் பொருள் யாது? கருவியின் துணையின்றி, அமர்ந்த மாத்திரத்திலேயே, வலிய விலங்கொன்று ஒருவனுக்கு அடங்கி நிற்கிறது. ஆள்வது அவனுக்கு இயல்பு என்று குதிரையே சாட்சி சொல்கிறது. விலங்கு இங்கே மனிதனின் இரண்டாம் பீடம். கல் பீடத்தின்மேல் குதிரை, குதிரையின்மேல் ஆளுநர், கீழே சாலையில் அண்ணாந்து பார்க்கும் குடிமக்கள். சான்ட்ரியின் கைவன்மையில் ஐயமில்லை. ஆனால் அக்கைவன்மை முழுவதும் உயரத்தை நிலைநாட்டுவதற்கே செலவாகியிருக்கிறது.

ஏறியிருப்பவன் ஆள்பவன், இறங்கி நிற்பவன் ஆளப்படுபவன் என்னும் இப்பாடத்தைச் சிலாங்கூர்த் தோட்டத் தமிழர் சிலையைப் பார்த்துக் கற்கவில்லை, அன்றாடம் பட்டறிந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், ஊதிய உயர்வோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரைமாரையும் கிராணிமாரையும் எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பதே அது. படை வந்தது, உயிர்கள் மாண்டன, போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஒரு சைக்கிளின் உயரத்துக்காகவா இவ்வளவு என்று கேட்போர், மன்றோ சிலையின் முன் சிறிது நேரம் நிற்பது நன்று.

இல்லாத காளை

மனிதனையும் விலங்கையும் இணைத்துப் பார்க்கத் தமிழர்க்குச் சொந்தமான வேறொரு முறை முன்னரே இருந்தது. தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு இடபவாகனரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். முதலாம் இராசராசன் காலத்தில் 1011-இல் கோயிலுக்கு அளிக்கப்பெற்ற இச்செப்புத் திருமேனி, பின்னர் மண்ணில் புதைந்து கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வெளிப்பட்டது.

இறைவன் காளையின்மேல் ஏறவில்லை. ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து, தலைமுடியையே தலைப்பாகை போலச் சுற்றி, மாடு மேய்க்கும் இளைஞன் வழியில் நிற்பதுபோல் நிற்கிறான். வளைந்த ஒரு கை காளையின்மேல் ஊன்றியிருந்த கை. அந்தக் காளை இன்று இல்லை. ஆயினும் காண்போர் கண்ணுக்கு அது தெரிகிறது. கையின் வளைவு காளையின் உயரத்தைச் சொல்லுகிறது. உடலின் சாய்வு அதன் உறுதியைச் சொல்லுகிறது. முகத்தின் அமைதி அவ்விலங்கின்மேல் அவனுக்குள்ள நம்பிக்கையைச் சொல்லுகிறது. இங்கே விலங்கு பீடமன்று, தோழன்.

பெயர் தெரியாத அச்சோழநாட்டுச் சிற்பி தசையை முறுக்கிக் காட்டவில்லை. நரம்பைப் புடைக்க விடவில்லை. எடை எங்கே விழுகிறது, எங்கே தாங்கப்படுகிறது என்பதை மட்டும் பிழையின்றி அறிந்திருந்தான். மெழுகில் வடித்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் அம்முறை சுவாமிமலைத் தபதிகளிடம் இன்றும் வாழ்கிறது.

சிற்பியும் அவர் காலமும்

இவ்விரண்டு மரபுகளும் தம் கண்முன் இருக்க, இரண்டையும் அப்படியே பின்பற்றாதவர் ராய் சௌத்ரி. 1899-இல் வங்கத்தின் ரங்கபூர்ப் பகுதியில் பிறந்தவர். அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். சிற்பத்தில் மேலைநாட்டு முறையைக் கற்றார். 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். கே. சி. எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் அவர் காலத்தில் அப்பள்ளியில் உருவானவர்கள். 1954-இல் லலித கலா அகாதெமியின் முதல் தலைவரானார், 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1975-இல் மறைந்தார்.

மல்யுத்தம் பழகியவர், வேட்டையாடியவர், குழல் வாசித்தவர், வங்கமொழியில் கதை எழுதியவர் என்பன அவரைப் பற்றிய செய்திகள். இவற்றுள் மல்யுத்தம் அவருடைய சிற்பத்தை விளக்கும் திறவுகோல். உடலின் ஆற்றலைப் பார்த்து அறிந்தவர் மட்டுமல்லர். தம் உடலிலேயே அறிந்தவர். பாறையை நகர்த்துபவனின் முதுகை வடிக்கும்போது அவர் கை எங்கும் தயங்கியதாகத் தெரியவில்லை.

பாட்னாவில் அவர் அமைத்த தியாகிகள் நினைவுச்சின்னம் 1956-இல் திறக்கப்பெற்றது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் கொடியேற்றச் சென்று குண்டுக்கு இரையான ஏழு மாணவரை அது காட்டுகிறது. பல உடல்களை ஒரே செயலில் இணைத்துக் காட்டும் ஆற்றல் அவருக்கு இருந்ததை அதில் காணலாம். மெரினாவில் அவ்வாற்றல் மேலும் இறுகியது. பாட்னாவில் எழுவர் ஒரு திசையில் செல்கின்றனர். சென்னையில் நால்வர் ஒரு பாறையைச் சூழ்கின்றனர்.

நால்வரும் பாறையும்

நால்வரும் அரையில் சிறு துணி மட்டும் உடையவர்கள். பெரும்பாறை ஒன்றைப் பெயர்த்து நகர்த்த முயல்கின்றனர். கால்கள் மண்ணை உந்துகின்றன, முதுகுகள் வளைகின்றன, தோள்கள் முன்னே செல்கின்றன. எவனும் காண்போரை நோக்கவில்லை. மன்றோ நகரைப் பார்க்கிறார், நகரும் அவரைப் பார்க்கிறது. இந்நால்வருக்கோ பார்க்க நேரமில்லை. தம்மைக் காண ஒரு கூட்டம் வந்திருப்பதையே அறியாதவர்கள்போல் வேலையில் மூழ்கியிருக்கின்றனர். உழைப்பவனுக்குச் சிற்பி செய்த முதல் மரியாதை, அவனை வேடிக்கைப் பொருளாக்காமல் விட்டது.

இக்குழுவில் விலங்கு இல்லை. பாறை இழுக்க மாடோ யானையோ பூட்டப்பெறவில்லை. மாடு செய்யும் வேலையை மனிதன் செய்கிறான் என்று இதற்குப் பொருள் கொண்டு, உழைப்பாளி விலங்கின் நிலைக்குத் தாழ்த்தப்பட்டான் என வருந்துவாரும் உளர். சிலையை வலம்வந்து பார்த்தால் அவ்வருத்தம் நீங்கும். பூட்டிய மாடுகள் ஓட்டுபவன் குறிப்புக்கு இழுக்கும். இங்கே ஓட்டுபவன் இல்லை, சாட்டை இல்லை, கங்காணி இல்லை. நால்வரும் தமக்குள்ளேயே ஒரு மூச்சுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரே கணத்தில் உந்துகின்றனர். ஒருவன் தளர்ந்தால் மற்ற மூவரின் முயற்சியும் வீண். இவ்வொத்திசைவு மனிதனுக்கே உரியது.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் இச்சிலைக்கு உழைப்பின் வெற்றி என்று பொருள்படும் பெயரை இட்டனர். ஆனால் பாறை இன்னும் இடம் பெயர்ந்து முடியவில்லை. வெற்றிக் கொடியும் உயர்த்திய கையும் இல்லை. முயற்சியின் நடுக்கணத்திலேயே சிற்பி நிறுத்திவிட்டார். வெற்றியைக் காட்டாமல் வெற்றி எனப் பெயரிட்டது முரணாகத் தோன்றலாம். தனித்தனியே நால்வரால் இயலாத ஒன்றுக்கு நால்வரும் ஒருங்கே தோள் கொடுத்துவிட்டனர். அந்த இணைப்பே வெற்றி என்பது சிற்பியின் கருத்தாயின், பெயர் பொருந்தும்.

தமிழ் மக்களோ அப்பெயரைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் நாவில் இது உழைப்பாளர் சிலை ஆயிற்று. உழைப்பு என்னும் கருத்தின் பெயரை விட்டு, உழைப்பவர் என்னும் மனிதரின் பெயரை அவர்கள் சூட்டினர். சிலையின் உள்ளத்தை இந்த வழக்குப் பெயரே நன்கு உணர்ந்திருக்கிறது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். அந்நிகழ்ச்சிக்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், உரிய இடத்தில் உரிய உருவம் வந்து சேர்ந்தது எனலாம்.

மலேசியத் தமிழர் ஒப்புநோக்க ஏற்றதொரு வெண்கலக் குழு கோலாலம்பூரிலும் உண்டு. பெலிக்ஸ் டி வெல்டன் வடித்து 1966-இல் திறக்கப்பெற்ற தேசிய நினைவுச்சின்னத்தில் எழுவர் உள்ளனர். ஐவர் மேலே இருக்க, வீழ்ந்த இருவர் அடியில் கிடக்கின்றனர், உச்சியில் கொடி. அங்கே வெற்றி முடிந்த செய்தி. அதற்கு வென்றவரும் தோற்றவரும் வேண்டும். மெரினாவின் நால்வருக்கு எதிரில் பாறை மட்டுமே உண்டு. அவர்கள் காலடியில் எவரும் வீழ்ந்து கிடக்கவில்லை. போர்ச் சிற்பத்துக்கும் உழைப்புச் சிற்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

குறைகள் சில

பாராட்டுவதோடு நின்றுவிட்டால் திறனாய்வு ஆகாது. இச்சிலையில் குறைகளும் உள்ளன; அவை சிறியனவல்ல.

நால்வரின் உடல்களும் மல்லர் உடல்கள். பாறை உடைத்தும் மண் சுமந்தும் பிழைத்த தமிழ்நாட்டுக் கூலியாளின் உடல் அரைவயிற்றுக் கஞ்சியில் வளர்ந்தது. அவனுக்கு மெலிந்த காலும் ஒட்டிய வயிறுமே பெரும்பாலும் வாய்த்தன. சிற்பி தம் அக்காடாவில் கண்ட உடலை அவனுக்கு இரவல் கொடுத்திருக்கிறார். இது அன்பினால் செய்த மிகை. எனினும், மெலிந்த உடலோடு அதே பாறையை நகர்த்தியவனின் பெருமை இதனால் மறைகிறது.

அடுத்து, நால்வரும் ஆடவர். நால்வரும் ஏறத்தாழ ஒரே பருவத்தினர். சித்தாளாகக் கல் சுமந்த பெண் இல்லை, முதியவர் இல்லை. குழுவின் இறுக்கத்துக்கு இவ்வொருமை உதவியது என்பது உண்மையே. உழைப்பாளர் என்னும் பொதுப்பெயரைத் தாங்கும் சிலைக்கு அது போதாது.

எல்லாவற்றினும் பெரிய குறை, உழைப்பு என்றாலே உடல்வலிமை என்று சிலை கருதுவது. தசையின் முறுக்கில் காணமுடியாத உழைப்பு இதில் இடம்பெறவில்லை. கண்ணின் கணக்கும் விரலின் பக்குவமும் ஆண்டுக்கணக்கில் படிந்த அறிவும் உழைப்பின் பாதியாகும். அப்பாதியை ராய் சௌத்ரி தொடவில்லை. எடையைத் தசையின்றியே உணர்த்திய திருவெண்காட்டுச் சிற்பியிடம் அதற்கான வழி இருந்தது.

பால்மரத்தின் முன்னே

இக்குறை கோல சிலாங்கூர்த் தோட்டங்களை நினைக்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும். பால் வெட்டுபவர் விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்வார். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டின் விளிம்பில், சாய்வு மாறாமல், மெல்லிய பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். கத்தி சற்றே மேலாக நின்றால் பால் குறையும். சற்றே ஆழமாகச் சென்றால் மரத்தின் உயிர்த்தோலில் காயம்பட்டு, புதுப்பட்டை கரடுமுரடாக வளர்ந்து, பின்னாளில் அவ்விடத்தில் வெட்ட முடியாமற் போகும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. அதை அரையிருளில், விரல் நுனியின் உணர்ச்சியால், நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை பிழையின்றிக் காத்தவர்கள் அவர்கள்.

மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டை மீண்டும் மீண்டும் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்து வகுத்தார் என்று நூல்கள் கூறும். அம்முறையை மலாயாவின் மரந்தோறும் மெய்யாக்கிய கைகளுள் பெரும்பகுதி தமிழர் கைகள். அவற்றுள் பாதியளவு பெண்களின் கைகள். பின்னர் மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளிகளில் தோளில் சுமந்து சென்றபோதுதான் தசையின் வேலை தொடங்கியது. சுமந்ததை உலகம் கண்டது, சீவியதைக் காணவில்லை. கூலி என்னும் ஒரு சொல்லுக்குள் அத்திறன் முழுவதும் மறைந்துபோயிற்று.

இது பழங்கதை என்று ஒதுக்கத்தக்கதன்று. ரப்பர் நிரைகள் பல செம்பனையாகிவிட்டன. சில தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. லயங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிகளில் பயில்கின்றனர். தம் பாட்டி பாடுபட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும். பாட்டி ஒரு வல்லுநர் என்பது தெரியாது. பாடுபட்டவளை எண்ணி இரங்குவார்கள். வல்லுநரை எண்ணியிருந்தால் நிமிர்ந்திருப்பார்கள். முன்னோரைப் பற்றிய நினைவு இரக்கமாக நின்றுவிடுவதா, மதிப்பாக வளர்வதா என்பது, அவர்களை எந்த உருவில் நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தமிழாசிரியர்க்கு இதில் பெரும்பங்கு உண்டு.

ஆகவே, மெரினாச் சிலையை அப்படியே படியெடுத்துத் தோட்டப் புறத்தில் நிறுவினால் போதும் என எண்ணுவது தவறு. ராய் சௌத்ரி செய்த பெரும்பணி, குதிரையின்மேல் இருந்த பெருமையை இறக்கி மண்மேல் நிற்பவனுக்கு அளித்தது. அப்பணிக்குத் தமிழுலகம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த சிற்பி தொடங்க வேண்டும்.

அவன் வடிக்க வேண்டிய உருவத்துக்குப் பெரும்பாறை தேவையில்லை. புடைத்த தசையும் தேவையில்லை. தலையில் துணி சுற்றி, நெற்றியில் விளக்குடன், மரத்தின்முன் சற்றே குனிந்து நிற்கும் ஒரு பெண் போதும். ஒரு கை பட்டையைத் தடவி அளக்க, மறு கை கத்தியைப் பிடித்திருக்க வேண்டும். மரத்தைக்கூட வார்க்க வேண்டுவதில்லை. திருவெண்காட்டுக் காளை போல, அக்கையின் வளைவிலேயே மரம் தெரியுமாயின் அவன் சிறந்த சிற்பி.